ஆராய்ச்சி மணியும் முறைப்பாட்டுப் புத்தகமும்

(வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, புதுக்கடையில் பல்லாண்டு வழக்காடி இன்று முதன்மை விருந்தினராக வீற்றிருக்கும் மூத்த சட்டத்தரணி ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா, அருட்தந்தை, மௌலவி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியப் பெருந்தகையே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் வந்திருக்கும் தாய்மாரே, நண்பர்களே, வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்வார்த்தைகளுக்கு என் நன்றி.

நீதி, நடுநிலை, அறத்தெளிவு என்ற மூன்றையும் பேச எண்ணி வந்தேன். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன். அவன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணி. நீதி வேண்டியவர் எவரும் வந்து இழுக்கலாம் என்று அதற்கு நீண்ட கயிறு. மகன் தேரேறித் திசாவாவிக்குப் போகிறான். வழியில் தாயோடு படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறிவிட்டது. பசு வந்து கயிற்றை இழுத்தது. அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான் அரசன். திருவாரூரில் இதையே மனுநீதிச் சோழன் கதை என்பார்கள். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சமோ அதோடு நிற்கவில்லை. பாம்பு விழுங்கிய குஞ்சுக்காக ஒரு பறவை மணியடித்தது. பிறகு ஒரு கிழவி வந்தாள். வெயிலில் பரப்பிய நெல்லைக் காலந்தப்பிய மழை நனைத்துவிட்டதாம். மழையை எந்தக் கூண்டில் ஏற்றுவது? ‘போ பாட்டி’ என்று அவன் அனுப்பிவிடவில்லை. உண்ணாநோன்பு கிடந்து, வாரம் ஒருமுறை, அதுவும் இரவில் மட்டும், மழை பெய்ய வரம் வாங்கினான் என்கிறது அந்நூல்.

இதை எழுதி வைத்தது எல்லாளனின் ஆட்கள் அல்லர், ஐயா! அவனைப் போரில் வென்ற துட்டகைமுனுவை நாயகனாகக் கொண்டாடிய பிக்கு மரபு. வழக்கென்று வந்தால் நண்பன், பகைவன் பாராதவன் என்று எதிர்த்தரப்பே சான்று கூறுகிறது. நடுநிலைக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி நம் கொழும்புக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கொடுத்த பணம் திரும்பி வராததால் பொலிசுக்குப் போனார். அவர் சொன்னது தமிழில், எழுதப்பட்டது சிங்களத்தில். இரண்டு தடவையாகக் கொடுத்த பணம் புத்தகத்தில் ஒரு தடவையாயிற்று. கடைசி வரியில், வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது, சரியென ஏற்றுக்கொள்கிறேன் என்றிருந்தது. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து, தமிழில். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்த வரியைக் காட்டியே அவரைப் பொய்க்காரி ஆக்கினார்கள். எழுதிய அதிகாரி கெட்டவர் அல்லர், தமிழ் தெரியாதவர். தீர விசாரிப்பதே மெய் என்கிறோமே, விசாரிப்பவருக்கு நாம் சொல்வது விளங்காவிட்டால் எதைத் தீர விசாரிப்பது?

சட்டத்தில் குறையில்லை. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கொழும்பிலும் அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இடம் தருகிறது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பை அரசே செய்து தரவேண்டும் என்கிறது 24ஆவது உறுப்புரை. யாழ்ப்பாண நீதிமன்றில் நிற்கும் சிங்களச் சகோதரனுக்கும் அதே உரிமை உண்டு. அவனுக்கும் சேர்த்தே கேட்கிறேன். கொழும்பின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், இரவோ பகலோ, தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். இதைக் கேட்டுத்தான் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம்.

தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். அறத்தெளிவை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். வாசலருகே மேசையில் மனு இருக்கிறது. அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் போகப் போவது. வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். பொலிசில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். காட்டாவிட்டால், ‘இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள்.