கைவைத்தால் சிக்கிள் செல் மாறுமா?

உடம்பைத் தொடாமலே, சில அங்குலம் மேலே கையைப் பிடித்துச் ‘சக்தி ஓட்டத்தை’ச் சரிசெய்தால் ரத்த நோய் போய்விடும் என்று சொல்லும் வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ரெய்கி, தெரப்பியூட்டிக் டச், காந்த சிகிச்சை என்று பெயர்கள் நிறைய. நாம் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வோம்: சிக்கிள் செல் ரத்தசோகை.

(திரையில்: வட்டமான சிவப்பணு, பக்கத்திலேயே அரிவாளாக வளைந்த ஒன்று)

கோளாறு மரபணுவில் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா என்ற சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி அணுவையே வளைத்துவிடுகின்றன, வளைந்தது நுண்குழாயில் போய் அடைக்கும், வலி உயிரை எடுக்கும், 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் உடைந்துவிடும்.

சரி, கைவைத்தால் இது மாறுமா? தெரப்பியூட்டிக் டச் ஹீமோகுளோபினை ஏற்றுகிறது என்றே 1970களில் சொன்னார் டோலோரஸ் கிரீகர், அமெரிக்க நர்சிங் பேராசிரியர். ஆய்வு முறையே சரியில்லை என்று விமர்சனம் வந்தது. எனக்குப் பிடித்தது எமிலி ரோசா என்ற சிறுமியின் சோதனைதான்.

(திரையில்: அட்டைத் தடுப்பு, கீழே இரண்டு ஓட்டைகள்)

சிகிச்சையாளர் இரண்டு கையையும் ஓட்டை வழியாக நீட்டுவார். எமிலி நாணயம் சுண்டி, ஏதோ ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று அவர் ‘சக்தி’யை உணர்ந்து சொல்ல வேண்டும். 21 பேர், 280 முறை. சரியாக வந்தது 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும்! 1998இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் அது வெளியானபோது அவளுக்கு வயது 11.

அப்புறம் காந்தம். ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். அது ஆணியில் இருக்கும் இரும்பு மாதிரி நடந்துகொள்ளாது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக விலக்கத்தான் செய்யும் என்று வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936லேயே காட்டிவிட்டார்கள்.

ரெய்கிக்குப் பிறகு மனசு லேசானது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அமைதியாகப் படுத்திருந்தால், ஒருவர் அக்கறையோடு பக்கத்தில் இருந்தால், பதற்றம் குறையும். மருந்தோடு சேர்த்துச் செய்துகொள்ளுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் ‘ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்து’ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். நாம் கருவில் இருந்தபோது ரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபின் வகையைக் கூட்டி, அணு வளைவதைக் குறைப்பது அந்த மாத்திரை. விட்டால் பலனும் போய்விடும்.

காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நேராக ஆஸ்பத்திரிதான், ஏனென்றால் இந்த நோயில், ரத்தத்தில் வரும் கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் சின்ன வயதிலேயே பழுதாகி, கிருமித்தொற்று சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.