திப்பியும் கோழி எருவும் சேரும்போது

வணக்கம். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் ஜவ்வரிசி ஆலை வந்துவிட்டது என்று மூக்கு சொல்லிவிடும். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அரைத்து மாவைப் பிரித்த பிறகு வெளியேறும் தண்ணீர்தான் அது. கரைந்த மாவு அதில் இருப்பதால் சீக்கிரமே புளித்துவிடும், அப்படியே ஓடையில் விட்டால் ஓடையும் போச்சு, கிணறும் போச்சு. ஆனால் அந்தப் புளிப்பு முழுக்க எரிபொருள். நம்ம பக்கம் பல ஆலைகள் அதிலிருந்து வாயு எடுத்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது, மாவு எடுத்த பிறகு மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியையும் கோழி எருவையும் கலந்து போட்டு வாயு எடுப்பதைப் பற்றி.

வாயு உண்டாகும் மூடிய தொட்டியான கலனுக்குள் இரண்டு கூட்டம் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. ஒன்று மாவை உடைத்து அமிலமாக்கும், அது வேகமான கூட்டம். இன்னொன்று அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும், அது ரொம்ப நிதானம். திப்பியை மட்டும் கொட்டினால் முதல் கூட்டம் முந்திக்கொள்ளும், இட்லி மாவு போலக் கலனே புளித்துப்போகும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில், தீவனத்துக்குப் போக மிஞ்சிய ஈரத் திப்பியைக் கூடை கூடையாகத் தள்ளிவிட்டார்கள். சில நாளில் அடுப்பைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, தீ மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் வந்ததில் பெரும்பகுதி கரியமில வாயு. தீனியை நிறுத்தி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி, நன்றாக ஓடுகிற வேறொரு கலனின் கரைசலைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் நீலச் சுடர் திரும்பியது.

கோழி எரு இதற்கு நேர் எதிர். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம், தனியாகப் போட்டால் அம்மோனியா ஏறி நுண்ணுயிர்களை முடக்கிவிடும். தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமச்சத்து 20 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். திப்பியில் கரிமம் மிக அதிகம், கோழி எருவில் பத்துப் பங்குகூடத் தேறாது, அதனால்தான் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறேன். ஜவ்வரிசிக்குச் சேலம், முட்டைக்கு நாமக்கல், இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாவட்டம், இதைவிட என்ன வசதி வேண்டும்? புதுச்சத்திரத்தில் ஒரு பெரிய ஆலை இப்படிப்பட்ட கழிவுகளிலிருந்து வாயு எடுக்கிறது. சுத்திகரித்த வாயு வண்டிகளுக்கே எரிபொருளாகப் போகிறது.

கோழி எருவைக் கரைத்து ஒரு தொட்டியில் தெளியவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். தீவனத்தில் போடும் கிளிஞ்சல் துணுக்குகளும் மணலும் அடியில் தங்கும், அவை கலனுக்குள் போனால் வருடா வருடம் இடத்தை அடைத்துக்கொண்டே வரும். ஒரு கனமீட்டர் வாயு ஏறக்குறைய 400 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதை உங்கள் வீட்டு ஆளாகக் கேட்கிறேன். அடைப்பு எடுக்கிறேன் என்று யாரையும் கலனுக்குள் இறக்காதீர்கள், காலியாகத் தெரிந்தாலும் இறக்காதீர்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்த வாயு அதிகமானால் மூக்குக்கு வாடையே தெரியாது, இறங்கினவரைத் தூக்கப் போனவரும் விழுந்துவிடுவார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கிழங்கு சீசனுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே சாணத்தைக் கரைத்து ஊற்றி வையுங்கள். சுடர் நீலமாக நின்ற பிறகு திப்பியைக் கைப்பிடி கைப்பிடியாகக் கூட்டலாம். நன்றி, வணக்கம்.