தெரிந்தவனைக் கைது செய்கிற வேலை

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

துப்பறியும் கதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். ஹோம்ஸைப் பற்றியும் பாய்ரோவைப் பற்றியும் நம் மேடைகளில் வேண்டிய அளவு பேசியாயிற்று. அதனால் நான் அமெரிக்க மேற்கின் கிராமத்து ஷெரீப்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஷெரீப் நமக்கு அந்நியர் இல்லை. லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். மார்பில் நட்சத்திரம், தலையில் தொப்பி, மேஜைமேல் கால். அந்தக் கதைகளில் ஷெரீப் பெரும்பாலும் பாவப்பட்ட ஜென்மம். ஒன்று பயந்தாங்கொள்ளியாக இருப்பார், இல்லாவிட்டால் பண்ணை முதலாளியிடம் காசு வாங்கியிருப்பார். ஊரைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும். டெக்ஸ் வில்லர் வருவார், சுடுவார், கிளம்புவார். லக்கி லூக் கடைசிக் கட்டத்தில் பாடிக்கொண்டே சூரியன் மறையும் பக்கம் குதிரையை விடுவார். அதற்குப் பிறகு அந்த ஊர் என்ன ஆனது? யாருக்கும் கவலையில்லை.

ஷெரீப்பை நாயகனாக்கும் மர்மத் தொடர்கள் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. இதில் துப்பறிகிறவர் கிளம்பிப் போக முடியாது. கொலைகாரனைப் பிடித்த மறுநாள் காலை அவனுடைய அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து முட்டை சாப்பிட வேண்டும். இந்தக் கதைகளை நான் விரும்பிப் படிப்பது இதற்காகத்தான். மலை, பனி, துப்பாக்கி எல்லாம் அப்புறம்.

அந்த வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். சென்னையிலும் முன்பு ஷெரீப் இருந்தார். அது கௌரவப் பதவி, வரவேற்பு விழாக்களுக்கு உரியது. அமெரிக்க ஷெரீப் அப்படியில்லை. மாநிலத்துக்குள் இருக்கும் கவுன்ட்டி என்ற நிர்வாகப் பிரிவுக்கு அவர்தான் போலீஸ். கவுன்ட்டி சிறையை நடத்துவது, நீதிமன்ற ஆணையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பனியில் காணாமல் போனவரைத் தேடுவது எல்லாம் அவர் பொறுப்பு. முக்கியமான விஷயம், அவரை ஜனங்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். குற்றவாளிமேல் வழக்கு நடத்தும் கவுன்ட்டி வழக்கறிஞரும் தேர்தலில் நிற்கிறவர்தான். சந்தேகச் சாவை விசாரிக்கும் கரோனருக்குக்கூடத் தேர்தல் உண்டு!

நம் சினிமாவில் நேர்மையான போலீஸ் அதிகாரியை மிரட்ட ஒரு வசனம் வைத்திருக்கிறார்கள்: தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன். வயோமிங் ஷெரீப்பிடம் இது செல்லாது. அவரை யாரும் மாற்ற முடியாது. இருப்பதும் ஏற்கெனவே தண்ணியில்லாக் காடுதான். அவரை அசைக்க வழக்கமான வழி, அடுத்த தேர்தலில் எதிராக ஒருவரை நிறுத்துவது. ஒருவனுடைய மகனைக் கைது செய்தால் அவனுடைய ஓட்டு போய்விடும். சொந்தக்காரர்கள் ஓட்டும் சேர்ந்து போகும். மொத்தமே சில ஆயிரம் ஓட்டுகள்தான் என்னும்போது இது சின்ன விஷயமா?

இந்த வகையில் இன்று பெரிய பெயர் கிரெய்க் ஜான்சன். வயோமிங்கில் யூக்ராஸ் என்ற ஊரில் இருக்கிறார். ஊரின் மக்கள்தொகை 25 என்று அவருடைய புத்தகங்களின் ஆசிரியர் குறிப்பிலேயே போட்டிருக்கும். வால்ட் லாங்மயர் என்ற ஷெரீப்பை வைத்து 2004இல் முதல் நாவலை எழுதினார். இன்றைக்கு அது இருபது புத்தகங்களைத் தாண்டிய தொடர்.

லாங்மயரின் அப்சரோகா கவுன்ட்டி கற்பனை இடம். ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1939இல் வடக்கு வயோமிங்கையும் அடுத்திருந்த தெற்கு டகோட்டா, மொன்டானா பகுதிகளையும் சேர்த்து அப்சரோகா என்று தனி மாநிலம் கேட்டார்கள். ஷெரிடன் ஊரைச் சேர்ந்த ஒருவர் தன்னைத் தானே கவர்னர் என்று அறிவித்துக்கொண்டார். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் அடித்தார்கள், அழகிப் போட்டியும் நடத்தினார்கள். மாநிலம் மட்டும் வரவில்லை. வராத மாநிலத்தின் பெயரைத் தன் கவுன்ட்டிக்கு வைத்த எழுத்தாளருக்குக் குறும்பு அதிகம்.

லாங்மயர் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். மனைவியை இழந்தவர். கட்டி முடிக்காத வீட்டில் இருக்கிறார், செல்போன் வைத்துக்கொள்வதில்லை, நாயின் பெயர் நாய். ஷெர்லாக்கைப் போலச் சாம்பலைப் பார்த்துச் சுருட்டுப் பெயர் சொல்கிற சாமர்த்தியமெல்லாம் கிடையாது. அவருடைய மூலதனம் ஒன்றே ஒன்று: யார் யாருக்குச் சொந்தம், யாருக்கும் யாருக்கும் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, எவன் வேலியை எவன் நகர்த்தினான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

முதல் நாவலான 'தி கோல்ட் டிஷ்' எடுத்துக்கொள்ளும் நிலைமையைக் கேளுங்கள். செயென் பழங்குடிச் சிறுமி ஒருத்தியை வெள்ளைக்காரப் பையன்கள் நால்வர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். வழக்கு நடந்தது, குற்றம் நிரூபணமானது, ஆனாலும் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே வந்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து அந்த நால்வரில் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். மிச்சம் மூன்று பேரை யார் காப்பாற்றுவது? லாங்மயர்தான். அந்தப் பையன்களுக்குக் கிடைத்த தீர்ப்பை மன்னிக்க முடியாத அதே லாங்மயர். சிறுமியோ, அவருடைய உயிர்நண்பன் ஹென்றி ஸ்டாண்டிங் பேரின் உறவுப்பெண். சந்தேகப் பட்டியல் எழுத உட்கார்ந்தால் ஹென்றியின் பெயரை எழுதாமல் இருக்க முடியாது.

கொலையாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பாதி புத்தகம் தாண்டும்போது நமக்கே ஒன்று தோன்றும்: கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால் என்ன? பொதுவாக மர்மக் கதை வாசகன் விடைக்கு அவசரப்படுவான். இங்கே விடை வந்துவிடுமோ என்று பயப்படுகிறான். என்னைக் கேட்டால், மாநகரத் துப்பறிவாளர் கதை எதிலும் இந்தப் பயம் இவ்வளவு சுலபமாக வராது. அங்கே பிணம் அந்நியருடையது, கொலைகாரனும் அந்நியன்.

இன்னொன்று தூரம். வயோமிங்கின் பரப்பு சுமார் 2.5 லட்சம் சதுர கிலோமீட்டர்; 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 5.77 லட்சம். அமெரிக்காவிலேயே ஆள் குறைந்த மாநிலம். ஜான்சனுடைய கற்பனைக் கவுன்ட்டிக்குப் பக்கத்து உறவான நிஜ ஜான்சன் கவுன்ட்டியில் – பெயர் ஒற்றுமை தற்செயல் – சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூட வரமாட்டார். துணைக்கு ஆள் அனுப்புங்கள் என்று வயர்லெஸ்ஸில் சொன்னால் அந்த ஆள் வந்துசேர ஒரு மணி நேரமாகும். இதனாலேயே இந்தக் கதைகளில் துப்பாக்கியைவிடப் பேச்சுக்கு வேலை அதிகம். வெறிபிடித்த ஒருவன் வாசலில் ரைஃபிளோடு நின்றால், அவனுடைய அப்பா பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயம் வேலி. இதைச் சற்று விளக்க வேண்டும். பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களில் ஷெரீப்பின் அதிகாரம் பெரும்பாலும் செல்லாது. 1885ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த நிலத்தில் பழங்குடியினர் செய்யும் கொலை போன்ற பெருங்குற்றங்கள் மத்திய அரசின் கைக்குப் போயின. 1978இல் உச்ச நீதிமன்றம், பழங்குடி அல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் குற்றவழக்கில் விசாரிக்க முடியாது என்றது. பின்னால் வந்த சட்டங்கள் சில வகைக் குற்றங்களுக்கு அதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆக, ஒரு பிணத்தைப் பார்த்ததும் வரும் முதல் கேள்விகள் இவை: வேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? செத்தவர் பழங்குடியா? செய்தவர்? விடையைப் பொறுத்து ஷெரீப் வருவார், அல்லது பழங்குடிப் போலீஸ், அல்லது எஃப்பிஐ. யாருமே வராமலும் போகலாம்.

கதாசிரியருக்கு இது தங்கச் சுரங்கம். அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன என்பதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். டோனி ஹில்லர்மன் 1970 தொடங்கி நவஹோ பழங்குடிப் போலீஸ் அதிகாரிகளான லீப்ஹார்னையும் சீயையும் வைத்து எழுதினார். நவஹோ மக்கள் 1987இல் அவருக்குத் தங்கள் சிறப்பு நண்பர் என்று கௌரவம் கொடுத்தார்கள். இருந்தாலும் அவர் வெள்ளைக்காரர், ஜான்சனும் அப்படியே. லக்கோட்டா பழங்குடி இனத்தவரான டேவிட் ஹெஸ்கா வான்ப்லி வைடன் 2020இல் 'விண்டர் கவுன்ட்ஸ்' எழுதியபோது அதில் நாயகன் போலீஸே இல்லை. மத்திய அரசு கண்டுகொள்ளாத குற்றங்களுக்காகக் காசு வாங்கிக்கொண்டு ஆளை அடிக்கிறவன். லாங்மயரைப் படித்த கையோடு இதைப் படித்தால், ஷெரீப் கதை எவ்வளவு நம்பிக்கையோடு எழுதப்படுகிறது என்பது தெரியும்.

அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா? பாதி உண்டு. 1892இல் அதே ஜான்சன் கவுன்ட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய மாட்டுப் பண்ணை முதலாளிகள், சின்ன விவசாயிகளை மாட்டுத் திருடர்கள் என்று சொல்லி ஒழித்துக்கட்டத் தீர்மானித்தார்கள். டெக்ஸாஸிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களைக் கூட்டிவந்து, ரயிலில் ஏற்றி, தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டு, சுமார் ஐம்பது பேர் கிளம்பினார்கள். ஏப்ரல் 9 அன்று நேட் சாம்பியன் என்பவருடைய மரவீட்டை முற்றுகையிட்டு அவரையும் கூட்டாளியையும் கொன்றார்கள். குண்டுகள் பாயும்போதே சாம்பியன் ஒரு சிறு நோட்டில் நடப்பதை எழுதிக்கொண்டிருந்தார்.

செய்தி கவுன்ட்டியின் ஷெரீப் ரெட் ஆங்கஸுக்கு எட்டியது. அவர் ஊர்மக்களைத் திரட்டிப்போய் வந்தவர்களை டிஏ பண்ணையில் சுற்றிவளைத்தார். முதலாளிகளுக்கு மேலிடத்துச் செல்வாக்கு இருந்ததால் ஜனாதிபதி ஹாரிசன் குதிரைப் படையை அனுப்பி அவர்களை மீட்டார். வழக்கு நடத்தக் கவுன்ட்டியிடம் பணமில்லை. சாட்சிகள் காணாமல் போனார்கள். கடைசியில் ஒருவருக்கும் தண்டனையில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தக் கூலிப்படையோடு வந்தவர்களில் ஃபிராங்க் கேன்டன் என்று ஒருவர் இருந்தார். அவர் யார்? அதே கவுன்ட்டியின் முன்னாள் ஷெரீப்! காமிக்ஸில் வந்த காசு வாங்கிய ஷெரீப்பும் நாவலில் வரும் நல்ல ஷெரீப்பும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். நாவலாசிரியர்கள் ஆங்கஸை எடுத்துக்கொண்டு கேன்டனைக் கொஞ்சம் மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

இன்னொரு குறை எல்லோருக்கும் தோன்றுவது. லாங்மயர் தொலைக்காட்சித் தொடராக 2012 முதல் 2017 வரை 63 பகுதிகள் வந்தது. வாரத்துக்கு வாரம் பிணம் விழுகிறது. இந்தக் கணக்கில் போனால் அடுத்த தேர்தலுக்கு ஓட்டுப்போட ஆளிருக்காது. டெக்ஸாஸ்காரரான பில் க்ரைடர் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார். 1986இல் தொடங்கிய அவருடைய ஷெரீப் டேன் ரோட்ஸ் கதைகளில் கொலை இருக்கும், ஆனால் பாதிப் பொழுது ஓடிப்போன மாடு, காட்டுப்பன்றி, அக்கம்பக்கத்துச் சண்டை என்றே போகும். அலுவலகத்தில் ஹேக், லாட்டன் என்று இரண்டு பெரிசுகள். ஷெரீப் உள்ளே நுழைந்ததும் என்ன நடந்தது என்று கேட்பார். அவர்கள் நேராகச் சொல்லவே மாட்டார்கள். சுற்றிச் சுற்றி, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, அவர் பொறுமையைச் சோதித்து, கடைசியில்தான் விஷயம் வரும். திண்ணையில் கதை கேட்டவர்களுக்கு அது இலக்கியம் மாதிரியே தெரியாது, அவ்வளவு பழக்கமாக இருக்கும்.

பெண் ஷெரீப் இல்லையா என்று கேட்கலாம். ஜே. ஏ. ஜான்ஸ் 1993இல் தொடங்கிய ஜோன்னா பிரேடி தொடர் இருக்கிறது. அரிசோனாவின் கொச்சீஸ் கவுன்ட்டி, இது நிஜமான இடம். ஷெரீப் பதவிக்குப் போட்டியிட்ட கணவன் கொல்லப்பட, பிறகு இவரே தேர்தலில் நின்று ஷெரீப் ஆகிறார். ஓட்டு அரசியல் பிடித்தவர்களுக்கு இது.

எதில் தொடங்கலாம்? 'தி கோல்ட் டிஷ்' மெதுவாகச் சூடுபிடிக்கும். முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹில்லர்மனில் 'ஸ்கின்வாக்கர்ஸ்' எடுங்கள், லீப்ஹார்னும் சீயும் முதன்முதலாகச் சேர்ந்து வருவது அதில்தான். தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பதானால் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கள். திரையில் லாங்மயராக நடித்தவர் ஆஸ்திரேலியர், படம்பிடித்தது வயோமிங்கில் இல்லை, நியூ மெக்சிகோவில். அது பரவாயில்லை, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் லாங்மயர் தானே கதை சொல்கிறார், தன்னையே கேலி செய்துகொள்கிறார். திரையில் அவர் அநேகமாக வாயே திறப்பதில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கொலையாளி யார் என்பதைத் தவிர.