சீன எண்ணெய்ப் பங்கும் மருந்துப் பங்கும்: விலையை வகுப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். சீனாவின் எரிசக்தி நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் தம் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட எண்ணும் தனிநபர் எவற்றை ஆராய வேண்டும் என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்ன பங்கை வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த இரு துறைகளிலும் ஒரு நிறுவனம் எவ்வளவு திறமையாக நடக்கிறது என்பதற்கு முன்பாக, அது விற்கும் பொருளின் விலையை யார் வகுக்கிறார்கள், அதில் கிடைக்கும் லாபத்தில் எவ்வளவு பங்குதாரரின் கைக்கு வருகிறது என்று கேட்க வேண்டும். அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

பெட்ரோசைனாவிலிருந்து தொடங்குகிறேன். 2000ஆம் ஆண்டு ஹாங்காங் சந்தைக்கு வந்த இந்த அரசு எண்ணெய் நிறுவனத்தின் பங்குகளை, வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே நிறுவனம் 2002, 2003 ஆண்டுகளில் 48.8 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது சந்தை அந்த நிறுவனம் முழுவதையும் சுமார் 3,700 கோடி டாலராக மதிப்பிட்டிருந்தது. ஆண்டறிக்கையைப் படித்த பஃபெட்டோ அதன் மதிப்பு 10,000 கோடி டாலர் என்று கணித்தார். 2007இல் அந்தப் பங்குகளைச் சுமார் 400 கோடி டாலருக்கு விற்று வெளியேறினார். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி பெட்ரோசைனா ஷாங்காய் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. 16.70 யுவானுக்கு வெளியிடப்பட்ட பங்கு அன்று காலை 48.60 யுவானில் தொடங்கி 43.96 யுவானில் முடிந்தது. காகிதக் கணக்கில் உலகின் முதல் லட்சம் கோடி டாலர் நிறுவனமாக அது அன்று ஆனது. அடுத்த ஏப்ரலிலேயே வெளியீட்டு விலைக்கும் கீழே இறங்கியது. அன்று ஷாங்காயில் வாங்கிய சிறு முதலீட்டாளர் அந்த விலையை இன்றளவும் மறுபடி பார்க்கவில்லை.

எண்ணெய் வயல்களும் நிர்வாகமும் பங்கு ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஈவுத்தொகையும் இரு சந்தையிலும் ஒன்றுதான். ஆனால் அந்த முதல் நாளில் ஷாங்காயின் 'ஏ' பங்கு, ஹாங்காங்கின் 'எச்' பங்கைவிட இரு மடங்குக்கும் மேலான விலையில் கைமாறியது. சீனக் குடிமக்கள் தம் பணத்தை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுசெல்வதற்கு இருக்கும் கட்டுப்பாடுகளே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். இடைவெளி பின்னர் குறைந்தாலும் மறைந்துவிடவில்லை. ஆகவே ஒரு சீன நிறுவனம் இரண்டு சந்தையிலும் இருக்குமானால், விலை குறைவான பக்கத்தை முதலில் பார்ப்பது வெளிநாட்டு முதலீட்டாளருக்குக் கிடைத்துள்ள ஓர் உண்மையான வசதி.

இனி விலைக்கு வருகிறேன். சீனாவில் பெட்ரோல், டீசல் ஆகியவற்றின் உச்சவரம்பு விலையை அரசு வகுக்கிறது. 2013 முதல் பத்து வேலைநாளுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது. 2016 முதல், கச்சா எண்ணெய் பேரல் 40 டாலருக்குக் கீழே விழுந்தாலும் சில்லறை விலையை அதற்கேற்பக் குறைப்பதில்லை. 130 டாலரைத் தாண்டினால் உயர்வை நுகர்வோர் தலையில் முழுமையாக ஏற்றுவதுமில்லை. இதன் பொருள், கச்சா விலை வெகுவாக ஏறும் காலத்தில் சுத்திகரிப்பு ஆலைகளின் லாபம் நசுங்கும் என்பதே. 2008இல் மற்றொரு அரசு எண்ணெய் நிறுவனமான சைனோபெக் சுத்திகரிப்பில் பெரும் நட்டம் கண்டு அரசின் மானியத்தைப் பெற வேண்டியிருந்தது. மறுபுறம், எண்ணெய் எடுப்பவருக்குத் தனி வரி உண்டு: பேரல் 40 டாலருக்கு மேல் கிடைக்கும் வருவாய்க்கு 2006இல் விதிக்கப்பட்ட சிறப்பு வரியின் தொடக்க வரம்பு, 2011இல் 55 டாலராகவும் 2015இல் 65 டாலராகவும் உயர்த்தப்பட்டது. கடலில் எண்ணெய் எடுப்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட சி.என்.ஓ.ஓ.சி.யும், சுத்திகரிப்பும் விற்பனை நிலையங்களும் பெரும்பங்கு வகிக்கும் சைனோபெக்கும் 'சீன எண்ணெய்ப் பங்குகள்' என்ற ஒரே பெயரில் பேசப்பட்டாலும், எண்ணெய் விலை ஏறும்போது அவை ஒரே திசையில் நகர வேண்டிய கட்டாயமில்லை.

லாபத்தின் எத்தனை மடங்கில் பங்கு விற்கிறது என்ற கணக்கை மட்டும் நம்புவதையும் நான் ஏற்பதில்லை. எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் அந்த மடங்கு மிகச் சிறியதாகத் தெரியும். பல ஆண்டுகளில் எண்ணெய்த் தொழிலில் நுழைய அதுவே மோசமான வேளை. பத்தாண்டு லாபத்தின் சராசரியை எடுத்து, அதில் எவ்வளவு ரொக்கமாகப் பங்குதாரருக்குத் தரப்பட்டது என்று பார்ப்பதே பொருத்தம். பெட்ரோசைனாவின் 80 விழுக்காட்டுக்கும் மேலான பங்கு அரசு தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. அங்கே பொதுக்கூட்டத்தில் சிறுபான்மைப் பங்குதாரரின் குரல் எடுபடுவதில்லை. ஆனால் அரசுக்கு ஈவுத்தொகை தேவைப்படும்வரை அதே விகிதத்தில் நமக்கும் வந்துசேரும்.

எந்தச் சந்தையில் வைத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். சீன ராணுவத்தோடு தொடர்புடையவை என்று கருதப்பட்ட நிறுவனங்களில் அமெரிக்கர் முதலீடு செய்வதைத் தடுத்து 2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணையை அடுத்து, சி.என்.ஓ.ஓ.சி. 2021இல் நியூயார்க் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. பெட்ரோசைனாவும் சைனோபெக்கும் 2022 ஆகஸ்டில் தாமாகவே விலகுவதாக அறிவித்தன. நியூயார்க் வழியாக வைத்திருந்தவர்கள் விற்கவோ ஹாங்காங் பங்காக மாற்றிக்கொள்ளவோ நேர்ந்தது.

மருந்துத் துறையில் விலையை வகுக்கும் கை இன்னும் கடுமையானது. 2018இல் உருவான தேசிய மருத்துவக் காப்பீட்டு நிர்வாகம், அவ்வாண்டின் இறுதியில் பெய்ஜிங், ஷாங்காய் உள்ளிட்ட 11 நகரங்களின் அரசு மருத்துவமனைகளுக்காக மருந்துகளை மொத்தமாக ஏலத்தில் கேட்டது. 25 மருந்துகளின் விலை சராசரியாக 52 விழுக்காடு வீழ்ந்தது. ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் மருந்துப் பங்குகள் சரிந்தன. 2020 ஜனவரியில் நடந்த அடுத்த சுற்றொன்றில், பேயர் நிறுவனம் தன் சர்க்கரை நோய் மாத்திரையான அகார்போஸை ஒரு மாத்திரை 0.18 யுவான் என்று கேட்டு வென்றது. நோயாளிக்கு இது பெரும் நன்மை; அதை நான் மனமார வரவேற்கிறேன். பங்குதாரரோ, காப்புரிமை முடிந்த மருந்துகளை நம்பி எழுந்த ஒரு நிறுவனத்தின் கடந்தகால லாபத்தை எதிர்காலத்துக்கு நீட்டிக் கணக்கிட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டே தீர வேண்டும். வருவாயில் எத்தனை பங்கு ஏலத்துக்குப் போய்விட்டது, எத்தனை பங்கு இனிமேல்தான் போகவிருக்கிறது என்பதே ஆண்டறிக்கையில் தேட வேண்டிய எண்.

புது மருந்து காணும் நிறுவனங்களின் கதை வேறு. அப்போது பெய்ஜீன் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் ஜானுப்ரூட்டினிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு 2019 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. வருவாயே இல்லாத உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களையும் ஹாங்காங் சந்தை 2018 முதல் அனுமதிக்கிறது. அவற்றின் பெயருக்குப் பின்னால் 'பி' என்ற எழுத்து நிற்கும். அந்த எழுத்தைக் கண்டால், கையிலுள்ள ரொக்கத்தை ஆண்டுச் செலவால் வகுத்து, எத்தனை ஆண்டு தாங்கும் என்று பாருங்கள். இரண்டு ஆண்டுக்கும் குறைவானால் புதிய பங்குகள் வெளியிடப்பட்டு உங்கள் பங்கின் அளவு சுருங்குவது ஏறக்குறைய உறுதி.

ரொக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது காங்மெய் மருந்து நிறுவனத்தைச் சொல்லாமல் விட முடியாது. மூலிகை மருந்தில் பெயர் பெற்ற அந்த நிறுவனம், தன் கணக்கில் ஏறக்குறைய 3,000 கோடி யுவான் ரொக்கம் மிகையாகக் காட்டப்பட்டிருந்ததாக 2019இல் ஒப்புக்கொண்டது. 2021 நவம்பரில் குவாங்ஜோ நீதிமன்றம், 52,037 முதலீட்டாளர்களுக்குச் சுமார் 246 கோடி யுவான் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நிர்வாகத்தைச் சாராத தனி இயக்குநர்கள் சிலரும் அதற்குப் பொறுப்பாக்கப்பட்டனர். இந்த வழக்கு காட்டும் அடையாளம் எளிது: வங்கியில் மலைபோல் ரொக்கம் இருப்பதாகச் சொல்லும் நிறுவனம், அதே வேளையில் வட்டிக்குப் பெருங்கடனும் வாங்கிக்கொண்டிருந்தது. ஆண்டறிக்கையில் வட்டி வரவையும் ரொக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிக் கணக்கறிவே போதும்.

இரண்டு துறைகளையும் ஒப்பிட்டால், ஆண்டறிக்கையை மட்டுமே துணையாகக் கொண்ட தனிநபருக்கு எண்ணெய்ப் பங்கே ஏற்றது என்பது என் கருத்து. அங்கே அரசின் விதி எழுத்தில் இருக்கிறது. ஈவுத்தொகை கையில் வருகிறது, பத்து விழுக்காடு வரி பிடித்தம் போகவும். மருந்துத் துறையில் நுழைய விரும்புவோர், ஏற்கெனவே பல வெளிநாடுகளில் மருந்து விற்று வருவாய் ஈட்டும் நிறுவனங்களோடு நின்றுகொள்ளலாம். ஏனெனில் அந்த விற்பனையின் விலையைப் பெய்ஜிங்கின் ஏலம் தீர்மானிப்பதில்லை.