மனுவும் மைக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காலையில் கடலூர் கலெக்டர் அலுவலகம் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். குறைதீர் கூட்டம். பட்டா, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, குடிதண்ணீர் என்று ஆளாளுக்கு ஒரு மனுவோடு வரிசையில் நிற்பார்கள். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு அன்றைக்குத்தான் பிழைப்பு. மனு உள்ளே போகும், அதற்கு ஒரு எண் விழும், ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று ஒரு துறைக்கு அனுப்பப்படும். பல நேரம் யார் மேல் புகார் சொன்னோமோ அவர் மேசைக்கே அது போய்ச் சேரும். ‘ஏற்கெனவே நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் எழுதுகிறவரும் அவராகவே இருப்பார்.

இன்னொரு பக்கம் அதே தெருவில் இருக்கிற பையன்கள். சாக்கடை வழிந்தால் போதும், உடனே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். மறுநாள் பேப்பரிலும் படம் வரும். அதற்கு அடுத்த நாள் ஒரு வண்டியில் பிளீச்சிங் பவுடர் வரும். தூவுவார்கள், தூவுவதைப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். சாக்கடை மட்டும் அங்கேயே இருக்கும்.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை. மனு கொடுக்கிற பெரியவர்கள், ‘இவனுங்க விளம்பரம் தேடுறானுங்க’ என்பார்கள். பையன்களுக்கோ மனு என்பது வேலையில்லாத கிழவர்கள் சமாச்சாரம். ஆனால் இந்தக் கடலோரத்தில் ஏதாவது நிஜமாகவே மாறியிருக்கிறது என்றால், அங்கே கோரிக்கை வைத்தவர்களும் சேதி சொன்னவர்களும் ஒரே நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் புதுச்சேரி. 1930களில் இங்கே இருந்த பஞ்சாலைகளில் வேலை நேரம் என்று சட்டமாக எதுவும் இல்லை. விடியுமுன் போனவர்கள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். அந்தக் காலத்தில் வ. சுப்பையா, மக்கள் தலைவர் என்று புதுவையில் இன்றும் சொல்கிறோமே அவர்தான், 1934இல் ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகை ஒரு கை, தொழிற்சங்கம் இன்னொரு கை. 1936இல் ஃபிரான்ஸில் மக்கள் முன்னணி அரசு வந்து, அந்நாட்டுத் தொழிலாளிகளுக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று சட்டம் போட்டது. அதே ஃபிரெஞ்சு ஆட்சிக்குக் கீழே இருக்கிற புதுச்சேரித் தொழிலாளி, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கமாட்டானா? கேட்டான். வேலைநிறுத்தம் நடந்தது. 1936 ஜூலை 30ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளிகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியில் இங்கே அஞ்சலி செலுத்துவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். துயரச் செய்தியாக மட்டும் அது நின்றுபோகவில்லை. சுப்பையா பாரிஸுக்கே போய் வாதாடினார். 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமாகின. முடிவெடுக்கிற ஆள் பாரிஸில் இருக்கிறார், இப்போது அங்கே இருக்கிற அரசு காது கொடுக்கும் என்று கணக்குப் போட்ட புத்தி அது. உள்ளூர் கவர்னர் மாளிகை வாசலில் மட்டும் நின்று கத்தியிருந்தால் 12 பேரின் பெயர் கல்வெட்டோடு முடிந்திருக்கும்.

இனி கடலூருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போகும்போது, பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூடச் சிப்காட் வந்துவிட்டதைக் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிடுவார்கள். மூக்கு சொல்லிவிடும். 1980களில் வந்த தொழிற்பேட்டை. பெரும்பாலும் ரசாயனம், மருந்து, சாய மூலப்பொருள் ஆலைகள். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் உப்பனாறு, நடுவில் ஆலைகள், சுற்றிலும் குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம் என்று ஊர்கள். நாற்றம் தாங்கவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்தார்கள். அதிகாரி வந்து பார்ப்பதற்குள் காற்று திசை மாறிவிடும். ‘நேரில் ஆய்வு செய்ததில் துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை’ என்று அறிக்கை. நாற்றத்தைப் பிடித்துக் கட்டி வைக்க முடியுமா?

முடியும் என்று 2004இல் காட்டினார்கள். சிப்காட் பகுதி சமூகச் சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஊர்க்காரர்களே ஒரு குழுவானார்கள். சூழல் ஆர்வலர்கள் கற்றுக்கொடுத்தார்கள்; வேலையைச் செய்தது ஊர். முதல் ஆயுதம் ஒரு நோட்டு. தேதி, மணி, எந்த இடத்தில் நிற்கிறோம், காற்று எங்கிருந்து அடிக்கிறது, நாற்றம் எதைப் போல இருக்கிறது, உடம்பில் என்ன செய்கிறது. இவ்வளவுதான். ‘எதைப் போல’ என்ற கட்டத்தில்தான் சூட்சுமமே. அழுகிய பழம் போல, நெயில் பாலிஷ் போல, கொசு மருந்து போல, பிணம் அழுகினாற்போல என்று எழுதினார்கள். படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆலையிலும் ஓடுகிற வேதிவினை வேறு, அதனால் வருகிற நாற்றமும் வேறு. நாற்றத்தின் சாயலோடு காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மதில் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று விரல் நீட்டிவிடலாம். பள்ளிக்கூடம் போகாத மூக்கு ஒரு கருவியாகிவிட்டது.

இரண்டாவது ஆயுதம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். நிஜமான பக்கெட்தான். அதற்குக் காற்றுப் புகாத மூடி, மூடியில் ஒரு வால்வு, உள்ளே தனி வகைப் பிளாஸ்டிக் பை. பக்கெட்டுக்குள் இருக்கிற காற்றைப் பம்பால் உறிஞ்சினால் வெளிக்காற்று வால்வு வழியாகப் பைக்குள் வந்து நிறையும். 1990களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவான முறை இது. நாற்றம் வருகிற அந்த நிமிஷமே ஓடிப் போய்ப் பிடித்துவிடலாம். அதிகாரிக்காகக் காத்திருக்க வேண்டாம். கடலூரில் பிடித்த காற்று கலிஃபோர்னியாவில் உள்ள சோதனைக்கூடத்துக்குப் போனது. முடிவில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் தரக்கூடியவையும் அவற்றில் இருந்தன.

அந்த அறிக்கையை வைத்து இரண்டு வேலை நடந்தது. பத்திரிகைகளுக்குப் போனது, மூக்கால் வேவு பார்க்கும் கிராமத்தார் என்ற சேதியை எந்த நிருபர் விடுவார்? அதே தாள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போனது. அபாயகரமான கழிவுகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் கடலூருக்கே வந்து பார்த்தது. அவர்கள் முன்னால் ஊர்க்காரர்கள் வைத்த கேள்வி எளிமையானது. இந்த வாயுக்களில் பலவற்றுக்குக் காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பே நம் நாட்டில் இல்லையே, வரம்பு இல்லாதபோது மீறினான் என்று யாரைப் பிடிப்பீர்கள்?

2009 நவம்பரில் தேசியக் காற்றுத் தர வரையறையைத் திருத்தினார்கள். பென்சீன், ஆர்சனிக், நிக்கல் எல்லாம் அப்போதுதான் பட்டியலில் ஏறின. கடலூரால்தான் ஏறின என்று நான் மார்தட்ட மாட்டேன். பல ஊர்களின் குரல், பல நிபுணர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ‘நாறுகிறது’ என்ற புலம்பல் ‘வரம்பு எங்கே’ என்ற கேள்வியாக மாறிய இடங்களில் கடலூரும் ஒன்று. சிப்காட் அதோடு பூந்தோட்டமாகிவிட்டது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 2021 மே மாதத்தில்கூட அங்கே ஒரு பூச்சிமருந்து ஆலையில் விபத்து நடந்து உயிர்கள் போயின. அந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள்தான் என்பதால், நோட்டில் எழுதுவதற்கே வீட்டுக்குள் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஊர், நல்லவாடு. புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கிற மீனவக் கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைத்தது. அலை எவ்வளவு உயரம் இருக்கும், காற்று எப்படி, மீன் விலை என்ன, எந்தத் திட்டத்துக்கு எந்த விண்ணப்பம் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மையம் எல்லாச் சாதிக்காரர்களும் தயங்காமல் வந்துபோகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதுவே ஒரு போராட்டம்தான், வெளியே தெரியாத போராட்டம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் டிவியில் சுனாமிச் சேதியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். தகவல் மையம் பூட்டியிருந்தது. உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல்.

எல்லோரும் இந்தக் கதையில் சிங்கப்பூர் போனைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் பெரிது. கடல் ஊருக்குள் வருகிறது என்று திடீரென்று ஒருவன் கத்தினால் யார் நம்புவார்? நாள்தோறும் அலை உயரத்தையும் மீன் விலையையும் சொன்ன குழாய் அது, அதனால் நம்பினார்கள். தேர்தல் நேரத்தில் மட்டும், வசூல் நேரத்தில் மட்டும் ஊருக்குள் மைக் கட்டுகிற அமைப்புகளுக்கு இந்த நம்பிக்கை வராது.

சுனாமி பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்தச் சமயத்தில் கடலூரின் மீனவர் பகுதியான தேவனாம்பட்டினத்துப் பெண்களை எத்தனை கேமராக்கள் திரும்பத் திரும்ப அழ வைத்தன! அழுகிற படம் நிதி வசூலுக்கு உதவியிருக்கும். இழந்த வலைக்கும் படகுக்கும் நஷ்டஈடு யார் பெயரில், கூடை தூக்கி மீன் விற்கிற பெண்ணுக்கு அதில் பங்கு உண்டா என்ற கேள்விக்கு அந்தப் படங்களால் ஒரு வரிகூடப் பதில் வாங்க முடியவில்லை.

சரி, நம் தெருப் பிரச்சினைக்கு இதையெல்லாம் எப்படிப் பொருத்துவது? கடலூருக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் மகளிர் குழுவினர் குடிதண்ணீர் மனு ஒன்றைக் காட்டினார்கள். ‘நாங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி வருகிறோம். ஆகவே சமூகம் ஐயா அவர்கள் கருணைகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.’ ஒரு பக்கம் முழுக்க இப்படியே. தண்ணீர் எந்தத் தெருவில், எந்தக் குழாயில், என்ன கெடுதல் என்று ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்து பேசிப் பேசி மாற்றினோம். கிழக்குத் தெருவில் கோயிலை அடுத்த குழாய். காலையில் வருகிற தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சோறு வடித்தால் மஞ்சளாகிறது. மேல்நிலைத் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்ற பதிவு வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகல் வேண்டும். மாற்றுக் குழாய் இணைப்பு வேண்டும். கேட்பது மூன்று. ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதினோம்.

பரிசோதனை அறிக்கைக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் வருஷச் சட்டம், 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். நிருபர் வந்தபோது பேசியது குழுவில் இருந்த ஓர் அம்மா. மஞ்சளான சோற்றுச் சட்டியைத்தான் கையில் எடுத்து வந்தார். அவர் சொன்னதும் மனுவில் இருந்ததும் ஒன்றே. அதனால் மறுநாள் செய்தியைப் படித்த அதிகாரி கேட்டபோது, மனு எண்ணைச் சொல்ல முடிந்தது. பதில் சொல்ல வேண்டிய தாள் ஏற்கெனவே அவர் அலுவலகத்தில் இருந்தது.

புதிய ஆலைக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 30 நாள் முன்பே செய்தித்தாளில் விளம்பரம் வர வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும், கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும், சொன்ன கருத்துகளைக் கடைசியில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறோம்? நாற்காலியைத் தூக்கி எறிகிறோம், கோஷம் போடுகிறோம், வெளிநடப்புச் செய்கிறோம். டிவியில் வரும், சந்தேகமில்லை. கோப்பில் ‘மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரிதான் ஏறும். உங்கள் திட்ட அறிக்கையில் எங்கள் ஊர் ஏரியே காணோமே, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தினமும் எத்தனை லிட்டர் எடுப்பீர்கள் என்று ஒருத்தர் நிதானமாகக் கேட்டால், அது பதிவாகும். பிற்பாடு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பதிவுதான் கை கொடுக்கும். கோபம் வேண்டாம் என்று சொல்லவில்லை; கோஷத்தை வாசலில் வைத்துக்கொண்டு கேள்வியை உள்ளே அனுப்புங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை என்ற வசதியும் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கூடுகிறது. புதுச்சேரி நேயர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. இங்கே 2006இல் நடந்ததோடு உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கே தனியாக ஒரு மனுவும் ஒரு மைக்கும் தேவை. கிராம சபை உள்ளவர்கள் அடுத்த முறை போகும்போது, போன கூட்டத்துத் தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை முதல் பொருளாக வாசிக்கச் சொல்லுங்கள். செல்போன் வைத்திருக்கிற பையன்களிடம் அந்த வாசிப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.