மடக்கென்று குடிக்க முடியாத பானம்: மது இல்லாத ஒயினும் பீரும்

[திரையில்: தோட்டத்து மேசை. ஆறு ஒயின் கோப்பைகள், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர்.]

வணக்கம். இந்த மேசையில் குடிக்காதவர் யார் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எல்லார் கையிலும் நீளமான காம்பு வைத்த கோப்பை. ஒருவர் கையில் மட்டும் ஆரஞ்சு ஜூஸ், அதுவும் பிளாஸ்டிக் டம்ளரில்.

அது என் சித்தி. போன கோடையில் தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டுக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தார். நண்பர் ஒருவர் வீட்டு விருந்து. திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்: "எல்லாரும் ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வச்சு உறிஞ்சிட்டே இருந்தாங்க. எனக்குக் குடுத்தத நான் ரெண்டு மடக்குல முடிச்சிட்டேன். அப்புறம் கையை எங்க வைக்கிறதுன்னே தெரியலடா."

இந்த வீடியோவுக்கு வித்து அந்தப் புகார்தான். ஒயினை ஏன் மெதுவாகக் குடிக்கிறோம்? ஜூஸை ஏன் மடக்கென்று முடித்துவிடுகிறோம்? இது பிடிபட்டால் மது இல்லாத நல்ல பானத்தைத் தேடுவது சுலபம்.

[திரையில்: சிவப்பு ஒயின் கோப்பை, மிக அருகில்.]

கோப்பையை ஒரு சுழற்று சுழற்றுகிறேன். கண்ணாடியின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது பாருங்கள். ஒயினின் கண்ணீர் என்பார்கள். தரத்துக்கு அடையாளம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து மது முதலில் ஆவியாகிறது. மிஞ்சிய நீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம், அது கீழே இருக்கும் ஒயினை மேலே இழுக்கிறது. இழுத்தது கனத்துப்போய்ச் சொட்டாக வழிகிறது. 1855-லேயே ஜேம்ஸ் தாம்சன் என்ற இயற்பியலாளர் இதை விளக்கிவிட்டார்.

இப்போது பக்கத்துக் கோப்பை. அதே நிறம், மது நீக்கிய ஒயின். சுழற்றுகிறேன். கண்ணீர் இல்லை. இந்தக் கோப்பையில் என்ன குறைகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாக்குக்கு என்ன குறைகிறது? ஒயினில் மது ஏறத்தாழ 12%. 750 மி.லி. பாட்டிலில் 90 மி.லி. அந்த 90 மி.லி. போதை மட்டும் தருவதில்லை. லேசான இனிப்பு, தொண்டையில் ஒரு சூடு, நாக்கில் ஒரு கனம், மூக்குக்கு மணத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை, இத்தனையும் அதன் பொறுப்பு. அதை எடுத்துவிட்டால் புளிப்பு முன்னால் வந்து நிற்கும், மணம் மங்கும், மொத்தமும் நீர்த்த ரசம் மாதிரி ஆகும். சிவப்பு ஒயினாக இருந்தால் துவர்ப்பும் துருத்திக்கொண்டு நிற்கும்.

துவர்ப்பு என்றதும் உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? டானின் என்று இங்கே பாடம் நடத்துகிறார்கள். நாவற்பழம் தின்ற நாக்குக்கு அந்தப் பாடம் தேவையில்லை. வாய் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும், உடனே அடுத்ததை வாயில் போடத் தோன்றாது. ஒயினை மெதுவாக்குவதில் பாதிப் பங்கு இந்தத் துவர்ப்புக்கு. மீதி புளிப்புக்கும் மணத்துக்கும்.

சரி, மது வேண்டாம் என்ற முயற்சி எப்போது தொடங்கியது?

[திரையில்: பழைய பல் மருத்துவர் நாற்காலி, அப்புறம் ஒரு தேவாலயம்.]

1869. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்ற ஊர். தாமஸ் பிராம்வெல் வெல்ச் ஒரு பல் மருத்துவர், மெத்தடிஸ்ட் கிறிஸ்தவர். தேவாலயத்தில் ஒயின் கொடுக்கும் திருவிருந்துச் சடங்கில் போதை ஏற்றும் ஒயின் கூடாது என்று நினைத்தவர். திராட்சைச் சாற்றைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கினார். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் சொன்ன முறைதான். ஈஸ்ட் செத்துவிட்டால் சாறு நொதிக்காது. கடைகளில் இன்றும் இருக்கும் வெல்ச் திராட்சை ஜூஸின் பிறப்பு இதுதான்.

சாமர்த்தியமான வேலை. ஆனால் கிடைத்தது ஜூஸ், ஒயின் இல்லை. ஒயின் திராட்சைச் சாற்றில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சர்க்கரை இருக்கும். நொதிக்கும்போது ஈஸ்ட் அதைத் தின்று மதுவாக மாற்றுகிறது; கூடவே சாற்றில் இல்லாத புது மணங்களையும் உண்டாக்குகிறது. ஈஸ்ட்டை முன்கூட்டியே கொன்றால் சர்க்கரை அப்படியே நிற்கும். சித்தியின் இரண்டு மடக்கு அங்கேதான்.

அடுத்த வழியைப் பார்க்க நானும் சித்தியும் ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஃபிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலேறினால் ரைன் நதிக் கரையில் ரூடஸ்ஹைம். சுற்றிலும் மலைச்சரிவு முழுக்க ரீஸ்லிங் திராட்சை. இந்த ஊர் ஒயின் வியாபாரி கார்ல் யுங் 1908-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். உளவியலாளர் யுங் இல்லை, அவர் சுவிட்சர்லாந்துக்காரர், இவர் வேறு.

யுங்கின் யோசனை: முதலில் முழு ஒயினாகச் செய், அப்புறம் மதுவை மட்டும் எடு. சொல்வது சுலபம். மது 78 டிகிரியில் கொதிக்கும். அவ்வளவு சூடேற்றினால் ஒயின் வெந்து, ஜாம் வாசனை அடிக்கும். இங்கே ஊட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பருப்பு வேகத் தாமதமாகும், தெரியும்தானே? உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்புக்குப் போதிய சூடு கிடைக்காது. யுங் அதே விதியை இன்னும் கடுமையாகப் பயன்படுத்தினார். பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தால், 30 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே மது ஆவியாகி வெளியேறும். நம் ஊர் வெயிலைவிடக் குறைந்த சூடு.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. மது போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போகும். அதற்குத்தான் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் சுழல்கூம்புக் கோபுரம் என்ற இயந்திரம் வந்தது. உயரமான உருளைக்குள் கூம்பு கூம்பாக அடுக்கியிருப்பார்கள், ஒன்று விட்டு ஒன்று சுழலும், ஒயின் மெல்லிய படலமாக இறங்கும். முதல் சுற்றில் மணத்தை மட்டும் பிரித்துத் தனியே வைப்பார்கள். இரண்டாம் சுற்றில் மதுவை எடுப்பார்கள். கடைசியில் மணத்தைத் திரும்ப ஊற்றுவார்கள். மது இல்லாத ஒயின் ஏன் விலை குறைவதில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: ஒயின் செய்த செலவுக்கு மேல் இதுவும் ஒரு செலவு.

[திரையில்: மூன்று கோப்பைகள். பொன்னிறம், சிவப்பு, நுரைப்பது.]

ரூடஸ்ஹைமில் சித்தி முகர்ந்து பார்க்கச் சம்மதித்தார். லேபிளில் 0.0% என்று போட்டிருந்ததை இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகு. ரீஸ்லிங்குக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து மஸ்கட் திராட்சையில் செய்தது. மூக்கை வைத்தவர் நிமிர்ந்தார்: "டேய், இது நம்ம பன்னீர் திராட்சை!"

சரியாகப் பிடித்துவிட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. மஸ்கட் குடும்பத்துக்கே அந்த ரோஜா வாசம் உண்டு. மதுவை எடுத்த பிறகும் எழுந்து நிற்கக்கூடிய அழுத்தமான மணம் அது. அதனால் என் யோசனை இது: மது இல்லாத ஒயின் முதல்முறை வாங்குகிறீர்களா, மஸ்கட், ரீஸ்லிங் மாதிரி வாசனையான வெள்ளை வகை எடுங்கள். இல்லாவிட்டால் நுரைக்கும் வகை. மது தரும் சுருக்கென்ற உணர்வைக் கரியமில வாயு ஓரளவு ஈடு செய்துவிடும். சிவப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம். நான் குடித்தவற்றில் பாதி புளித்த ஜூஸாகவும் பாதி ஆறிப்போன டிக்காஷனாகவும் இருந்தன.

பாட்டிலின் பின்பக்கம் சர்க்கரை அளவைப் பாருங்கள். கனம் குறைந்ததை மறைக்க இனிப்பைக் கூட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். நன்றாகக் குளிர வைத்துக் குடியுங்கள். திறந்தால் மூன்று நாளுக்குள் முடியுங்கள். ஒயினைக் காத்த மது இப்போது இல்லை. என் முதல் பாட்டிலைப் பத்து நாள் ஃப்ரிட்ஜில் மறந்துவிட்டேன், மேலே பூஞ்சை ஆடை.

பீருக்கு வருவோம். இங்கே கதை சுலபம். பீரில் மது 5% அளவுதான், இழப்பும் அதற்கேற்பக் குறைவு. கனத்தை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, தாங்கிக்கொள்கிறது, கசப்பை ஹாப்ஸ் என்ற பூ தருகிறது. அதனால் மது இல்லாத பீர், அசலுக்கு ஒயினைவிட நெருக்கமாக வந்துவிடும். செய்முறையிலும் வழிகள் அதிகம். மால்ட் சர்க்கரையைச் சாப்பிடத் தெரியாத ஒரு வகை ஈஸ்ட்டைப் போட்டால், அது மணத்தைத் தந்துவிட்டு மதுவை அதிகம் உண்டாக்காமல் ஓய்ந்துவிடும்.

கிழக்கு ஜெர்மனியில் வாகனம் ஓட்டுபவரின் ரத்தத்தில் துளி மதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. 1972-ல் அங்கே ஆட்டோஃபாரர்பியர், அதாவது ஓட்டுநர் பீர் என்று ஒன்று வந்தது. சுருக்கமாக ஆவ்பி. 1979-ல் மேற்கில், இதே ஃபிராங்க்பர்ட்டிலிருந்து கிளவுஸ்டாலர். இன்று ஜெர்மனியில் மாரத்தான் முடிந்து வருபவர் கையில் மது இல்லாத கோதுமை பீரைக் கொடுப்பது சாதாரணம். எனக்குப் பிடித்ததும் கோதுமை வகைதான். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசம்.

[திரையில்: லேபிள்கள், எண்கள் மட்டும் பெரிதாக.]

எண்களைக் கவனியுங்கள். ஜெர்மனியில் 0.5% வரை மது இருந்தாலும் மதுவற்றது என்று எழுதலாம். அமெரிக்காவிலும் 0.5% தான் கோடு. அங்கே 1920-ல் மதுவிலக்கு வந்தபோது வோல்ஸ்டெட் சட்டம் போட்ட கோடு அது. பிரிட்டனில் நீண்ட காலமாக 0.05%. அரை சதவீதத்தில் போதை ஏறாது. ஆனால் மத நம்பிக்கையாலோ கர்ப்பத்தாலோ துளியும் வேண்டாம் என்பவர்கள் 0.0% என்று இருப்பதைத் தேடுங்கள். குடியை விட்டு மீண்டவர்களுக்கு இன்னொரு விஷயம்: எண் பூஜ்யமாகவே இருந்தாலும் அந்த வாசனையே பழைய ஆசையைக் கிளப்பலாம். அவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லும் வழிதான் நல்லது.

அதாவது, ஒயினை நகலெடுப்பதையே விட்டுவிடுவது.

கோபன்ஹேகனில் யாகோப் கொசெம்பா என்ற சொமெலியே, அதாவது உணவுக்கு ஒயின் பொருத்திக் கொடுப்பவர், ஒரு இனிப்புக்கு எந்த ஒயினும் ஒத்துவராமல் தேயிலைகளைக் கலந்து பார்த்தார். அதுவே நுரைக்கும் தேநீர் என்ற தொழிலாகிவிட்டது. அந்த வரிசையில் 5% மது உள்ள பாட்டில்களும் உண்டு, பார்த்து வாங்குங்கள். தேயிலை ஏன் பொருந்துகிறது? துவர்ப்பு இருக்கிறது, மணம் இருக்கிறது, சர்க்கரை இல்லை. பால் விடாத கட்டன் சாயாவை யாராவது மடக்கென்று குடிப்பார்களா?

[திரையில்: சமையலறை. கண்ணாடி ஜாடி.]

வீட்டில் இப்படிச் செய்கிறேன். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் நல்ல கறுப்புத் தேயிலை, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. கொதிநீர் ஊற்றினால் கசப்பு ஏறிவிடும். இன்னொரு பாத்திரத்தில் கால் கிலோ கறுப்புத் திராட்சை, தோலோடு நசுக்கி, நாலு மிளகு தட்டிப் போட்டு, இதுவும் ஃப்ரிட்ஜில். வெளியே வைக்காதீர்கள், நொதிக்க ஆரம்பித்தால் சுற்றி வந்து ஒயினிலேயே முடியும். காலையில் இரண்டையும் வடிகட்டி, தேநீர் மூன்று பங்கு, திராட்சைச் சாறு ஒரு பங்கு. புளிப்புக்கு ஆப்பிள் வினிகர் சில சொட்டு. குமிழி வேண்டுமானால் பரிமாறும்போது சோடா. சர்க்கரை கிடையாது. நாவற்பழக் காலத்தில் ஊரில் இருந்தால் திராட்சைக்குப் பதில் அதைப் போடுங்கள். அந்த நிறத்துக்கு எந்தச் சிவப்பு ஒயினும் ஈடில்லை.

காம்புக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சித்தி கையில் கொடுத்தேன். மேலே இருக்கும் வெற்றிடத்தில்தான் மணம் தங்கும். முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கோப்பையை மேசையில் வைத்தார். வைத்ததைக் கவனித்தீர்களா? ஜூஸ் டம்ளரை அவர் கீழேயே வைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கசப்பு நிக்குது. ஒரு கல் உப்பு போடு."

தேநீரில் உப்பா என்றேன். போட்டுப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை, கசப்பு மட்டும் அடங்கி, திராட்சை மணம் மேலே வந்தது. நாக்கில் கசப்பை உப்பு அமுக்கும் என்று உணவு அறிவியல் சொல்வதை நான் அப்புறம்தான் படித்தேன். லிட்டருக்கு ஒரு சிட்டிகை. செய்முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.