எஞ்சின் குடித்த உப்புத் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். கரி எஞ்சின் என்றதும் எல்லோருக்கும் கரியும் புகையும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம் வந்தால் உப்புத் தண்ணீர்தான் கவலை.

நான் மீட்டர்கேஜ் ரயிலில் ஃபயர்மேனாக, அதாவது எஞ்சினுக்குக் கரி போட்டுத் தண்ணீர் பார்க்கிறவனாக இருந்தவன். ஒய்.பி. என்கிற ரக எஞ்சின், சிங்கரேணிச் சுரங்கத்துக் கரி. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தடம் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி வரைக்கும் கரி வாரிப் போட்டவர்கள் எனக்கு மூத்தவர்கள்.

கரி போடுவதைச் சில மாதத்தில் பழகிவிடலாம். தண்ணீரைப் பழக வருஷங்கள் ஆகும். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுவதற்கு கேஜ் கிளாஸ் என்று ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உப்பு ஏறிய தண்ணீர் கொதித்தால் நுரைத்துப் பொங்கும். உள்ளே கொஞ்சம்தான் இருக்கும், கண்ணாடி நிறைய இருப்பதாகக் காட்டும். பொங்கியது நீராவியோடு சிலிண்டருக்குள் போனால் தொலைந்தோம். நீராவி அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. பிஸ்டன் இடிக்கிற இடியில் சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடும்.

ஓர் ஆடி மாதம், உச்சிப்புளி தாண்டியிருப்போம். புகைபோக்கியிலிருந்து அழுக்குத் தண்ணீர் சடசடவென்று தெறித்தது. கண்ணாடியில் முக்கால் குழாய்க்கு மேல் காட்டியது. நான் தெம்பாக இருந்தேன்.

"அதை நம்பாதடா தம்பி" என்றார் டிரைவர் அண்ணன். சிலிண்டரில் சேர்ந்த தண்ணீரை வெளியே விடும் சிலிண்டர் காக்கைத் திறந்துவிட்டு, சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மெல்ல மூடினார். நுரை அடங்க அடங்க, கண்ணாடியில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. அடி நட்டுக்கு மேலே ஒரு விரற்கடை அளவில் நின்றது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இன்னும் இறங்கினால், கரி எரிகிற ஃபயர்பாக்ஸின் தலைத்தகடு மேலே தண்ணீர் இல்லாமல் வெறுமனே காயும். அப்புறம் பாய்லர் வெடிக்கும், பேச்சே இல்லை. பாய்லருக்குள் தண்ணீர் ஏற்றும் இஞ்செக்டரைத் திறந்து, ஊர்ந்து ஊர்ந்து மண்டபம் சேர்ந்தோம்.

பாம்பன் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அறைந்தது. 1914-இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடக்கிற வேகத்தில்தான் போனோம். ஜனங்கள் கடலில் காசு போட்டுக் கும்பிட்டார்கள். நான் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாம்பன் ஸ்டேஷனில் ஒரு ஆத்தா எஞ்சினுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சேலை முழுக்கக் கரும்புள்ளி.

"கோவிச்சுக்காதீங்க ஆத்தா. ராமேஸ்வரத்துல 22 தீர்த்தம், இது 23-ஆவதுன்னு வச்சுக்கங்க" என்றார் அண்ணன்.

ஆத்தா விடவில்லை. "எந்தத் தீர்த்தம்டா இம்புட்டுக் கறுப்பா இருக்கும்?"